24 பிட் கார்டு வாங்கினால் பம்ப் சோதனை துல்லியமாகிவிடுமா?

பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, கோயம்புத்தூரில் சிறிய பம்ப்செட் தொழிற்சாலை நடத்தும் வாசகர் ஒருவர் விரிவான கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது. அவர்கள் மோனோபிளாக் பம்புகளும் போர்வெல் சப்மெர்சிபிள் பம்புகளும் தயாரிக்கிறார்கள். இதுவரை டெஸ்ட் பெஞ்சில் டயல் பிரஷர் கேஜ், அளவுத்தொட்டி, வாட்மீட்டர் ஆகியவற்றைப் பார்த்துக் கையால் எழுதி வந்தார்கள். ஒரே பம்பை இரண்டு பேர் சோதித்தால் செயல்திறன் இரண்டு விதமாக வருகிறது; வெளி ஆய்வகத்தின் முடிவு மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறது. எனவே நான்கு லட்சம் ரூபாய்க்குள் கணினிவழிச் சோதனை அமைப்பை நிறுவ விரும்புகிறார்கள்.

மூன்று யோசனைகள் அவர் முன் இருக்கின்றன. ஒரு விற்பனையாளர், "24 பிட், 16 சேனல், விநாடிக்கு 1,00,000 சாம்பிள், இதில் பிழைக்கே இடமில்லை" என்று சொல்லி யூ.எஸ்.பி. டேட்டா அக்விசிஷன் கார்டு (சென்சார் சிக்னல்களை எண்களாக மாற்றிக் கணினிக்குத் தரும் கருவி) ஒன்றைப் பரிந்துரைத்து முன்பணமும் வாங்கிவிட்டார். இன்னொருவர் பி.எல்.சி.யும் (இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கணினி) அனலாக் மாட்யூலும் போதும் என்கிறார். வாசகரின் அக்கா மகன், பொறியியல் மாணவர், அர்டுயினோ என்ற சிறிய மின்னணுப் பலகையைக் கொண்டு சில ஆயிரங்களில் தானே செய்து தருவதாகச் சொல்கிறார். உறிஞ்சு, வெளியேற்று அழுத்தங்கள் 2, நீரோட்டம் 1, வெப்பநிலை 4, அதிர்வு 2, மின்னழுத்தம் 3, மின்னோட்டம் 3 என 15 அளவீடுகள் தேவைப்படுவதால் 16 சேனல் (உள்ளீட்டு வழி) கார்டு சரியாகப் பொருந்தும் என்று அவர் நினைக்கிறார். "எதை வாங்குவது? கொடுத்த முன்பணத்தை என்ன செய்வது?" என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

இரண்டு பேர் சோதித்தால் இரண்டு விடை வருகிறது என்பதைக் குறையாக மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்தக் கொள்முதலின் நோக்கமாக இருக்க வேண்டும். கார்டிலிருந்து தொடங்காமல், பம்பிலிருந்து கார்டை நோக்கி வாருங்கள் என்பதே நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது. எந்த முடிவை எடுக்க இந்த எண் தேவை, அந்த எண்ணில் எவ்வளவு பிழையைத் தாங்க முடியும், அந்தப் பிழை எந்தெந்தக் கருவியிலிருந்து வருகிறது என்ற வரிசையில் கேட்டுக்கொண்டே வந்தால், எந்த வன்பொருள் வேண்டும் என்பது கடைசியில் தானாகத் தெளிவாகும்.

பிட் எண்ணிக்கையும் துல்லியமும் ஒன்றல்ல

மிகச் சிறிய கோடுகள் போட்ட அளவு நாடா இழுபட்டு நீண்டுபோயிருந்தால், எத்தனை கோடுகள் இருந்தும் அளவு தவறாகவே வரும். பிட் என்பது கோடுகளின் எண்ணிக்கை மட்டுமே. கழித்தல் 10 வோல்ட்டிலிருந்து கூட்டல் 10 வோல்ட் வரையுள்ள வீச்சை 16 பிட் கருவி 65,536 படிகளாகப் பிரிக்கும். ஒரு படி சுமார் 305 மைக்ரோவோல்ட். 24 பிட் கருவி அதையே 1,67,77,216 படிகளாகப் பிரிக்கும். ஒரு படி சுமார் 1.2 மைக்ரோவோல்ட். கேட்பதற்குப் பிரமாதமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் அனுப்பிய அதே கார்டின் விவரத்தாளில், இரண்டாம் பக்கத்தில், துல்லியம் வீச்சில் 0.05 சதவீதம் என்று போட்டிருக்கிறது. 10 வோல்ட்டில் அது 5 மில்லிவோல்ட், அதாவது ஏறக்குறைய 4,200 படிகள். இதற்கு மேல் கார்டின் உள்ளிரைச்சல் வேறு கடைசிப் பிட்டுகளை விழுங்கிவிடும். விற்பனையாளர் பொய் சொல்லவில்லை. கருவியின் நுணுக்கத்தை அதன் துல்லியமாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இதை உங்கள் பம்பில் வைத்துப் பார்ப்போம். செயல்திறன் என்பது நீரோட்டம், ஹெட் (பம்ப் நீரை ஏற்றும் உயரம்), மின்சக்தி ஆகிய மூன்றிலிருந்து கணக்கிடப்படுவது. 30 மீட்டர் ஹெட்டில் ஓடும் மோனோபிளாக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மின்காந்த ஃப்ளோமீட்டரின் பிழை 0.5 சதவீதம், பவர் மீட்டரின் பிழை 0.5 சதவீதம் என்று வையுங்கள். உங்கள் விலைப்பட்டியலில், சப்மெர்சிபிள் பம்புக்கும் ஆகட்டும் என்று 0–25 பார் பிரஷர் டிரான்ஸ்மிட்டர் (அழுத்தத்தை மின்சிக்னலாக மாற்றும் கருவி) ஒன்றையே போட்டிருக்கிறார்கள். அதன் பிழை முழுவீச்சில் 0.25 சதவீதம், அதாவது 0.0625 பார், அதாவது சுமார் 64 சென்டிமீட்டர் நீர் உயரம். 30 மீட்டரில் இது 2.1 சதவீதம் ஆகிவிடுகிறது. 1–5 வோல்ட்டாக வரும் அதன் சிக்னலில் கார்டின் 5 மில்லிவோல்ட் பிழை இன்னொரு 1.1 சதவீதத்தைச் சேர்க்கிறது. இந்த நான்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், செயல்திறனில் மொத்த ஐயப்பாடு ஏறக்குறைய 2.5 சதவீதம். உறிஞ்சு பக்கத்தை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

இப்போது கார்டை மாற்றாமல், மோனோபிளாக்குக்கு என்று 0–6 பார் டிரான்ஸ்மிட்டர் ஒன்றைத் தனியாகப் பொருத்துங்கள். டிரான்ஸ்மிட்டரின் பங்கு 0.5 சதவீதமாகவும் கார்டின் பங்கு 0.25 சதவீதமாகவும் சுருங்கி, மொத்தம் 0.9 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது. சிறிய வீச்சுள்ள ஒரு டிரான்ஸ்மிட்டரும், சப்மெர்சிபிள் சோதனையின்போது அதை அடைத்து வைக்க ஒரு வால்வும் செய்யும் வேலையை எந்த 24 பிட் கார்டாலும் செய்ய முடியாது. அந்த 0–6 பார் டிரான்ஸ்மிட்டரில் 16 பிட்டின் ஒரு படி என்பது அரை சென்டிமீட்டர் நீர் உயரம்தான்; அதற்குக் கீழே உங்களுக்கு எதுவும் தேவையில்லை.

இன்னும் இரண்டு செய்திகள், உங்கள் பட்டியலில் விடுபட்டவை. மோனோபிளாக்கின் உறிஞ்சு பக்கத்தில் வளிமண்டலத்தைவிடக் குறைந்த அழுத்தம் வரும். 0 பாரில் தொடங்கும் டிரான்ஸ்மிட்டர் அதைக் காட்டாது, கழித்தல் 1 பாரிலிருந்து அளக்கும் கூட்டு வீச்சு வேண்டும். மற்றொன்று, மின்விநியோக அதிர்வெண். 50 ஹெர்ட்ஸுக்குப் பதில் 49.5 ஹெர்ட்ஸ் வந்தால் வேகம் ஏறக்குறைய 1 சதவீதம் குறையும். ஹெட் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 2 சதவீதமும், சக்தி கனத்தைப் பொறுத்தது என்பதால் 3 சதவீதமும் குறையும். காலையில் சோதித்தவருக்கும் மாலையில் சோதித்தவருக்கும் விடை மாறுவதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். அதிர்வெண்ணையும், மோனோபிளாக்கில் வேகத்தையும் சேர்த்துப் பதிவு செய்து, முடிவுகளைக் குறிப்பிட்ட வேகத்துக்கு மாற்றி எழுதுவதை வழக்கமாக்குங்கள்.

16 சேனல் என்று எழுதியிருப்பதில் உங்களுக்குக் கிடைப்பது எத்தனை?

அந்தக் கார்டில் 16 சேனல் என்பது பொதுவான ஒரே எர்த்தை வைத்து அளக்கும் முறையில் மட்டுமே. ஒவ்வொரு சென்சாரின் இரண்டு கம்பிகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை அளக்கும் டிஃபரென்ஷியல் முறைக்கு மாறினால் அது 8 சேனலாகிவிடும். மோட்டார்கள் ஓடும் கூடத்தில், நீளமான கேபிள்களுடன், பக்கத்துப் பகுதியில் வி.எஃப்.டி. டிரைவ் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) ஒன்றும் இருக்கும் இடத்தில், டிஃபரென்ஷியல் முறையைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். எனவே 15 அளவீடுகள் அந்தக் கார்டில் அடங்காது.

அதைவிட முக்கியமானது, அந்தப் பதினைந்தில் ஆறு அளவீடுகளை அந்தக் கார்டில் கொடுக்கவே கூடாது. அதன் உள்ளீடு 10 வோல்ட்டுக்கு மேல் தாங்காது; 415 வோல்ட் லைனின் உச்ச மின்னழுத்தம் 587 வோல்ட். நடுவில் மின்தடைகளை வைத்துப் பிரித்துக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு மின்தடை பழுதானால் முழு மின்னழுத்தமும் யூ.எஸ்.பி. வழியாகக் கணினிக்கும், கணினியைத் தொடுபவருக்கும் வந்து சேரும். மின்னழுத்தம், மின்னோட்டம், சக்தி, அதிர்வெண் அனைத்தையும், கேட்டகரி 3 பாதுகாப்புத் தரம் உள்ள டிஜிட்டல் பவர் மீட்டர் ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டு, அதிலிருந்து ஆர்.எஸ்.-485 மோட்பஸ் என்ற தொழிற்சாலைத் தரவுப் பரிமாற்ற முறை வழியாக எண்களை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு சேனல்கள் மிச்சம், உயிருக்கும் பாதுகாப்பு.

விநாடிக்கு 1,00,000 சாம்பிள் (அளவெடுப்பு) என்பதும் எல்லாச் சேனல்களுக்கும் சேர்த்துச் சொல்லப்பட்ட எண். உள்ளே இருக்கும் ஒரே மாற்றியை, ஒரு சுவிட்ச் சேனல் சேனலாக மாற்றி மாற்றி இணைக்கிறது. 16 சேனலும் இயங்கினால் ஒன்றுக்கு 6,250 தான் கிடைக்கும். அவசரமாக மாறும்போது, முந்தைய சேனலின் மின்னழுத்தம் முழுவதும் வடியாமல் அடுத்த சேனலில் நிழல்போல் ஒட்டிக்கொள்வதும் உண்டு.

வேகம் எங்கே தேவை, எங்கே தேவையில்லை

நீரோட்டம்–ஹெட் வளைகோடு வரையும் சோதனையில் வால்வை ஒரு நிலையில் வைத்து, அளவுகள் நிலைபெறும்வரை காத்திருந்து, பிறகு படிக்கிறோம். இந்தியத் தரநிலைகளில் சப்மெர்சிபிள் பம்புக்கான ஐ.எஸ். 8034, மோனோசெட் எனப்படும் மோனோபிளாக்குக்கான ஐ.எஸ். 9079, சோதனை முறைக்கான ஐ.எஸ். 11346 ஆகியவற்றை எடுத்து, எந்தக் கருவிக்கு எவ்வளவு பிழை அனுமதிக்கப்படுகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கொள்முதல் பட்டியலின் முதல் பக்கம் அதுவே. இந்தச் சோதனைக்கு விநாடிக்குப் பத்து அளவுகள் தாராளம்.

ஆனால் மெதுவாக அளப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. கேபிளில் 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சல் ஏறியிருக்கும்போது, விநாடிக்குச் சரியாகப் பத்து முறை, கணநேர மதிப்பை மட்டும் எடுத்தால், ஒவ்வொரு முறையும் இரைச்சல் அலையின் ஒரே இடத்தையே பிடிப்பீர்கள். இரைச்சல் இரைச்சலாகத் தெரியாமல், அழுத்தமே சற்றுக் கூடியதுபோல் நிலையாக நிற்கும். அதிர்வெண் 49.95 ஹெர்ட்ஸுக்கு நகர்ந்தால், அந்தப் பொய்யான அழுத்தம் இருபது விநாடிக்கு ஒரு முறை மெல்ல ஏறி இறங்கும்; பம்பில் ஏதோ கோளாறு என்று நினைத்து நீங்கள் இம்பெல்லரைக் கழற்றிப் பார்ப்பீர்கள். இதற்குத் தீர்வு, 20 மில்லிவிநாடி அல்லது அதன் முழு மடங்கு நேரத்துக்கு சிக்னலைச் சராசரி எடுக்கும் மாட்யூலைத் தேர்ந்தெடுப்பது. 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை நிராகரிக்கும் அளவு விவரத்தாளில் டெசிபெலில் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கொடுக்கப்படவில்லை என்றால் கேளுங்கள்.

அதிர்வு மட்டும் முற்றிலும் வேறு உலகம். 2,900 சுற்று வேகத்தில் ஓடும் பம்பில் அடிப்படை அதிர்வெண் 48 ஹெர்ட்ஸ், ஆறு இறக்கை இம்பெல்லர் என்றால் இறக்கைகள் கடக்கும் அதிர்வெண் 290 ஹெர்ட்ஸ், பேரிங் பழுதின் தடயங்கள் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை நீளும். அங்கே, சேனலுக்கு ஒரு தனி மாற்றி, எல்லாம் ஒரே கணத்தில் அளப்பது, அதிவேக அலைகள் பொய் அளவாகத் தெரியாமல் தடுக்கும் ஆன்ட்டி-ஏலியாசிங் வடிகட்டி உள்ளேயே இருப்பது, ஐ.இ.பி.இ. வகை அதிர்வு சென்சாருக்கு வேண்டிய மாறா மின்னோட்டம் ஆகிய நான்கும் வேண்டும். டெல்டா-சிக்மா வகை 24 பிட் கருவிக்கு நியாயமான இடம் இதுவே. உங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட கார்டில் இந்த நான்கில் ஒன்றுமில்லை. மேலும், நீரில் மூழ்கி ஓடும் சப்மெர்சிபிள் பம்பில் சாதாரண அதிர்வு சென்சாரை ஒட்ட முடியாது. ஆகவே அதிர்வைத் தள்ளிவைத்து, முதல் அமைப்பு ஒழுங்காக ஓடத் தொடங்கியபின், மோனோபிளாக்குக்கு மட்டும் இரண்டு சேனல் கருவியாகத் தனியே வாங்குங்கள்.

வெப்பநிலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்குக்கும் பி.டி.100 (வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் பிளாட்டினம் சென்சார்) போதும், மூன்று கம்பி அல்லது நான்கு கம்பி இணைப்பை ஏற்கும் மாட்யூலாக இருக்க வேண்டும். பி.டி.100 ஒரு டிகிரிக்கு 0.385 ஓம் மட்டுமே மாறுவதால், இரண்டு கம்பி இணைப்பில் கேபிளின் மின்தடை 1 ஓம் இருந்தாலே இரண்டரை டிகிரி கூடுதலாகக் காட்டும். வைண்டிங்கின் சராசரி வெப்ப உயர்வை, குளிர்ந்த நிலையிலும் ஓடி நின்றவுடனும் அதன் மின்தடையை அளந்து கணக்கிடும் வழக்கமான முறையையும் கைவிட வேண்டாம்.

மூன்று யோசனைகளில் எது?

பி.எல்.சி.யின் அனலாக் மாட்யூல் 12 பிட் மட்டுமே என்பதால் துல்லியம் போதாது என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறான அச்சம். சென்சாரின் 4–20 மில்லிஆம்பியர் சிக்னல் வீச்சை அது 4,000 படிகளாகப் பிரித்தாலும், 6 பாரில் ஒரு படி ஒன்றரை சென்டிமீட்டர் நீர் உயரம். பார்க்க வேண்டியது வேறொரு வரி: முழு இயங்கு வெப்பநிலையிலும் அதன் துல்லியம் எவ்வளவு? 1 சதவீதம் என்று இருந்தால் 30 மீட்டர் ஹெட்டில் 2 சதவீதப் பிழை, அதை ஒதுக்கிவிடுங்கள். 0.1 சதவீதம் என்றால் தாராளமாக வாங்கலாம். வால்வைத் தானாகத் திறந்து மூடவும், தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்பை நிறுத்தவும் நீங்கள் திட்டமிட்டால் பி.எல்.சி.யே ஏற்றது. அளவுகளைப் பதிவு செய்வது மட்டும்தான் நோக்கம் என்றால், மின்காப்புள்ள மோட்பஸ் உள்ளீட்டு மாட்யூல்கள் இரண்டும் (ஒன்று 4–20 மில்லிஆம்பியருக்கு, மற்றொன்று பி.டி.100க்கு) ஒரு பவர் மீட்டரும் போதும். உங்கள் கடிதத்தைப் படித்த அளவில், இந்த மோட்பஸ் மாட்யூல் வழியையே நான் தேர்ந்தெடுப்பேன். மிச்சமாகும் பணத்தை ஃப்ளோமீட்டரிலும், அதற்கு முன்னும் பின்னும் தயாரிப்பாளர் கேட்கும் நேரான குழாய் நீளத்திலும் போடுவேன். எந்த வழியானாலும், அவசர நிறுத்தப் பொத்தான் கணினியையோ பி.எல்.சி.யையோ நம்பாமல் கான்டாக்டரை (மோட்டாருக்கு மின்சாரம் தரும் சுவிட்ச்) நேரடியாகத் துண்டிக்க வேண்டும்.

உங்கள் அக்கா மகனின் ஆர்வத்தை நான் மதிக்கிறேன். அர்டுயினோ ஊனோ ஆர்3 பலகையில் உள்ள மாற்றி 10 பிட். 5 வோல்ட்டில் ஒரு படி 4.9 மில்லிவோல்ட். வெளியே நல்ல மாற்றியையும் நிலையான குறிப்பு மின்னழுத்தத்தையும் சேர்த்தால் அதுவும் சரியாக அளக்கும். சிக்கல் அளப்பதில் இல்லை. அவர் வேலைக்காக வேறு ஊர் சென்றபின் யார் பழுது பார்ப்பது, வாடிக்கையாளர் அளவுத்திருத்தச் சான்று கேட்டால் எதைக் காட்டுவது என்பதில் இருக்கிறது. மோட்பஸ் மாட்யூல்களிலிருந்து தரவைப் படித்து வளைகோடு வரையும் மென்பொருளை அவரிடம் ஒப்படையுங்கள். பைத்தானில் அதை எழுத முடியும். உரிமக் கட்டணமும் இல்லை.

முன்பணமும் கொள்முதல் ஆணையும்

கார்டு இன்னும் அனுப்பப்படவில்லை என்பது நல்ல செய்தி. தொழிற்சாலையின் வணிகப் பயன்பாட்டுக்கு வாங்கும் பொருள் என்பதால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன் கீழ் நீங்கள் பொதுவாக நுகர்வோர் ஆக மாட்டீர்கள்; அந்த வழியை நம்பியிருக்க வேண்டாம். சரக்கு விற்பனைச் சட்டம், 1930 இன் பிரிவு 16, வாங்குபவர் தம் குறிப்பிட்ட நோக்கத்தைத் தெரிவித்து, விற்பவரின் திறமையை நம்பி வாங்கும்போது, பொருள் அந்த நோக்கத்துக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை உள்ளடக்குகிறது. நான் வழக்கறிஞர் அல்லன். தொகை பெரிதானால் ஒருவரைக் கலந்துகொள்ளுங்கள். ஆனால் நோக்கத்தை எழுத்தில் தெரிவிப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுவே சான்று. 15 அளவீடுகளையும் பட்டியலிட்டு, "இவை அனைத்தையும் டிஃபரென்ஷியல் முறையில், மின்காப்புடன், ஒரே நேரத்தில் உங்கள் கார்டு அளக்குமா?" என்று இன்றே மின்னஞ்சலில் கேளுங்கள். அளக்காது என்ற பதில் வந்தால், முன்பணத்தை அதே நிறுவனத்தின் மோட்பஸ் மாட்யூல்களுக்கு மாற்றித்தரச் சொல்வது சண்டையில்லாத வழி. பல விற்பனையாளர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

புதிய கொள்முதல் ஆணையில், இயங்கு வெப்பநிலை முழுவதுக்குமான துல்லியம், மின்காப்பின் அளவு, சாதாரண கோப்பாகத் தரவை எடுக்கும் வசதி, என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அளவுத்திருத்தச் சான்று ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். மீதிப் பணம் உங்கள் கூடத்தில் நடக்கும் ஏற்புச் சோதனைக்குப் பிறகே என்றும் எழுதுங்கள். சான்று மாட்யூலுக்கு மட்டும் இருந்தால் போதாது. டிரான்ஸ்மிட்டர், கேபிள், மாட்யூல் மூன்றும் இணைந்த முழுச் சங்கிலிக்கும் தேவை.

ஏற்புச் சோதனைக்குப் பெரிய கருவிகள் வேண்டாம். பி.டி.100 உள்ளீட்டில் 138.51 ஓம் துல்லிய மின்தடையை இணைத்தால் 100 டிகிரி காட்ட வேண்டும். லூப் காலிபிரேட்டரிலிருந்து (துல்லியமான மின்னோட்டம் தரும் சோதனைக் கருவி) 12 மில்லிஆம்பியர் கொடுத்தால் அழுத்தம் வீச்சின் சரிபாதியில் நிற்க வேண்டும். ஒரு சேனலில் 20 மில்லிஆம்பியரும் அடுத்ததில் 4 மில்லிஆம்பியரும் கொடுத்து, ஒன்றை மாற்றும்போது மற்றது அசைகிறதா என்று பாருங்கள். கடைசியாகப் பக்கத்து வி.எஃப்.டி. டிரைவை ஓடவிட்டு, நிலையாக நின்ற எண்கள் நடுங்குகின்றனவா என்று கவனியுங்கள். நடுங்கினால் மாட்யூலைத் திருப்பி அனுப்புவதற்கு முன் வயரிங்கைப் பாருங்கள்: சிக்னல் கேபிள் முறுக்கிய ஷீல்டு கேபிளாக இருக்கிறதா, ஷீல்டு ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யப்பட்டிருக்கிறதா, மோட்டார் கேபிளுடன் ஒரே டிரேயில் ஓடுகிறதா என்று.

இவையெல்லாம் முடிந்தபின்னும் பழைய டயல் கேஜையும் அளவுத்தொட்டியையும் உடனே கழற்ற வேண்டாம். வெளி ஆய்வகம் சோதித்துத் தந்த பம்பில் ஒன்றை விற்காமல் ஒதுக்கி வையுங்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதே பம்பைப் பழைய முறையிலும் புதிய முறையிலும் ஓட்டி, இரண்டு முடிவுகளையும் ஆய்வக முடிவுக்குப் பக்கத்தில் எழுதி வாருங்கள். இரண்டு மாதப் பதிவுடன் மீண்டும் எழுதுங்கள். உங்கள் இரண்டு சோதனையாளர்களின் விடைகள் எதனால் பிரிந்தன என்பதை அந்த எண்களைக் கொண்டே பார்க்கலாம்.